கலப்பு இணைதிறன் தாமிரம்: எல்லையோரக் கல்லூரியில் முதல் திட்டப்பணி செய்வோருக்கு

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் கடைசிப் பருவத் திட்டப்பணிக்குத் தாமிரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. விலை குறைவு. நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்தே வினை நடத்தலாம். தலைப்பில் 'கலப்பு இணைதிறன்' (தாமிரம்(1), தாமிரம்(2) என்ற இரண்டு நிலையும் ஒரே சேர்மத்தில் இருப்பது) என்று எழுதிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்: "இரண்டு நிலையும் ஒரே சேர்மத்துக்குள் இருக்கிறதா, அல்லது இரண்டு சேர்மத்தைக் கலந்து வைத்திருக்கிறாயா?" இதற்குப் பதில் இல்லாத திட்டப்பணி அங்கேயே படுத்துவிடும். கீழே உள்ள படிகளெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை சேர்க்கத்தான்.

முதலில் சொற்கள். தாமிரம்(1) அயனியில் தனி (இணை சேராத) எலக்ட்ரான் கிடையாது. பெரும்பாலும் நிறமற்றிருக்கும், இ.பி.ஆர். கருவிக்கும் (தனி எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டுபிடிக்கும் நிறமாலைக் கருவி) தெரியாது. தாமிரம்(2) அயனியில் ஒரு தனி எலக்ட்ரான் உண்டு. நீலமோ பச்சையோ காட்டும், இ.பி.ஆரிலும் தெரியும். இரண்டும் ஒரே மூலக்கூறிலோ ஒரே படிகத்திலோ இருந்தால் அது கலப்பு இணைதிறன் சேர்மம். அந்தத் தனி எலக்ட்ரான் எங்கே குடியிருக்கிறது என்பதை வைத்து ராபின், டே என்ற வேதியியலாளர்கள் 1967-ல் மூன்று வகுப்பு பிரித்தார்கள். ஒரே தாமிரத்தில் கட்டுண்டு கிடந்தால் முதல் வகுப்பு, இரண்டுக்கும் இடையே தாவினால் இரண்டாம் வகுப்பு, இரண்டுக்கும் பொதுவாகிவிட்டால் மூன்றாம் வகுப்பு. திட்டப்பணிக்கு இவ்வளவு போதும்.

1. வினைக்கு முன்னால் தேதி வாங்குங்கள்

சேர்மம் செய்ய ஒரு பகல் போதும். இ.பி.ஆர். முடிவு கைக்கு வரத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதனால் கருவி கிடைக்கும் தேதியை முதலில் பிடித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி உங்கள் அட்டவணையைப் போடுங்கள்.

இந்தப் பகுதியில் இருந்து அணுகக்கூடிய இடங்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையம் இ.பி.ஆர். எடுத்துத் தருகிறது. ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர், தனிமப் பகுப்பாய்வு போன்றவற்றுக்குக் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்து எஸ்.டி.ஐ.சி. என்ற கருவி மையம் பக்கம். மற்ற நிறுவனங்களில் என்ன கருவி இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் தளத்தைப் பாருங்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது மாணவர் பெயரில் செய்யாமல் கைடு பெயரில் கணக்குத் திறப்பது நல்லது. ரசீது, முடிவு இரண்டும் அந்த முகவரிக்குத்தான் வரும். நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகும் கல்லூரிக்குப் பயன்படும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்:

- கைடு, ஹெச்.ஓ.டி. இருவரின் கையெழுத்தும் துறை முத்திரையும் உள்ள மாதிரிப் படிவம்
- கல்லூரி அடையாள அட்டை நகல் அல்லது போனஃபைட் சான்று (கல்வி நிறுவனக் கட்டணம் கேட்க இது தேவை, தொழில் நிறுவனங்களுக்கான கட்டணம் பல மடங்கு)
- மாதிரியின் பாதுகாப்புத் தகவல் தாள். புதுச் சேர்மம் என்றால் அதிலுள்ள ஒவ்வொரு கூறுக்கும்
- முன்பணம் கட்டிய ரசீது

படிவத்தில் 'காப்பர் காம்ப்ளக்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஆபரேட்டர் தன் வழக்கமான அமைப்பில் ஒரு கோடு எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. நீங்கள் இப்படி எழுத வேண்டும்: திண்மப்பொடி 30 மி.கி.; எக்ஸ்-பேண்ட்; அறை வெப்பநிலையிலும் 77 கெல்வினிலும்; முதலில் 500 முதல் 5000 காஸ் வரை அகலமாக ஒரு ஸ்கேன், பிறகு 2500 முதல் 3700 வரை குறுக்கி ஒன்று; மூலத் தரவை எண் கோப்பாகத் தரவும். (எக்ஸ்-பேண்ட் என்பது கருவியின் நுண்ணலை வரிசை, 77 கெல்வின் திரவ நைட்ரஜனின் குளிர், காஸ் காந்தப்புல அலகு.) கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். படமாக மட்டும் வந்தால் பின்னால் எதையும் கணக்கிட முடியாது.

செலவில் ஒரு பொறி உண்டு. இரண்டு வெப்பநிலை என்பது பெரும்பாலும் இரண்டு மாதிரிக் கட்டணம். திரவ நைட்ரஜன் தனி, ஜி.எஸ்.டி. தனி. துறையில் அனுமதி கேட்கும்போது இவை நான்கையும் கூட்டிக் கேளுங்கள். பாதியில் போய் மறுபடி கேட்டால் கோப்பு மறுபடி முதல் மேசையிலிருந்து கிளம்பும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக்காற்று அடித்து ஊரே வறண்டு கிடக்கும். ஈரத்துக்குப் பயப்படும் தாமிரம்(1) வேலைகளுக்கு அதுதான் பருவம். முதல் மாதிரி ஜனவரி கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் சொதப்பினால் மார்ச் தொடக்கத்தில் இரண்டாவது அனுப்ப இடம் இருக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இதே வேலையைச் செய்தால் டெசிகேட்டரை (ஈரம் உறிஞ்சி வைத்து மூடிய கண்ணாடிப் பாத்திரம்) திறக்கும் ஒவ்வொரு தடவையும் பொடி பச்சை பூக்கும்.

2. பொருள் வாங்குவது: எல்லை தாண்டும் பில்

கோயம்புத்தூர் டீலர்கள்தான் நமக்குப் பக்கம். ஆனால் மாநிலம் வேறு. கேரளக் கல்லூரி முகவரிக்கு வரும் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) போட்ட பில் வர வேண்டும். டீலர் பழக்கதோஷத்தில் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடுவதுண்டு. மொத்தத் தொகை அதேதான் என்றாலும் அக்கவுண்ட்ஸ் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பும். விலைப்புள்ளி கேட்கும்போதே 'டெலிவரி முகவரி கேரளா' என்று எழுதிக் கேளுங்கள். சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) கட்டாயம்; ஒரு மாணவர் திட்டப்பணி அந்தத் தொகையைத் தொடாது, துறை மொத்தமாக வாங்கும்போது தொடும்.

எல்லையிலுள்ள வாளையாறில் வரிச் சோதனைச்சாவடி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டது, எக்சைஸ் சோதனை போகவில்லை. எத்தனாலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எல்லை தாண்ட நினைக்காதீர்கள். ஆய்வகத் தரமானாலும் அது அனுமதிச் சரக்கு. மெத்தனாலும் அப்படித்தான், இரண்டு மாநிலத்திலும் அதற்கு உரிமம், பதிவேடு எல்லாம் உண்டு. கல்லூரி ஸ்டோரில் ஏற்கனவே இருக்கிற பாட்டிலில் இருந்து கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். கழுவுவதற்கு அசிட்டோன் போதும்.

வாங்க வேண்டியவை: காப்பர் சல்ஃபேட் பென்டாஹைட்ரேட், சோடியம் மெட்டாபைசல்ஃபைட், சோடியம் கார்பனேட், அடர் கந்தக அமிலம், அசிட்டோன். இவை சில நூறு ரூபாய் வகை. ஆக்சிஜனேற்றச் சோதனைக்கான 3,5-டைடெர்ட்பியூட்டைல் கேட்டகால்தான் விலை கூடியது. 5 கிராம் பாட்டில் போதும். நைட்ரஜன் சிலிண்டருக்கு வாயுவின் விலையைவிட டெபாசிட்டும் வாடகையும் அதிகம். பக்கத்துத் துறையில் சிலிண்டர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

மெட்டாபைசல்ஃபைட்டை மட்டும் புது பாட்டிலாக வாங்குங்கள். கட்டி தட்டிய பழைய பொடியில் பாதி சல்ஃபேட்டாகிப் போயிருக்கும்; அதை வைத்து எடை போட்டால் எந்தக் கணக்கும் வராது.

3. முதல் சேர்மம்: செவ்ரூல் உப்பு

நேராகப் பெரிய கரிம ஈனிகளுடன் (தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள்) தொடங்காதீர்கள். காற்றில் எளிதில் கெடாத, ஒரே மதியத்தில் கிடைக்கிற, இரண்டு நிலையும் ஒரே படிகத்தில் உள்ள சேர்மம் ஒன்று இருக்கிறது: செவ்ரூல் உப்பு. ஒரு மோலில் இரண்டு தாமிரம்(1), ஒரு தாமிரம்(2), இரண்டு சல்ஃபைட், இரண்டு நீர். மோலார் நிறை 386.8, தாமிரம் 49.3 சதவீதம். இது மூலக்கூறுக் கொத்து இல்லை, படிகம் முழுக்கப் பரவிய திண்மம். ஆனால் நிரூபிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடையாது.

வேலை முழுக்க ஃபியூம் ஹூடுக்குள் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் அடைப்பு). சல்ஃபர் டையாக்சைடு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் படியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

10.0 கிராம் காப்பர் சல்ஃபேட்டை 60 மி.லி. வாலைவடிநீரில் மிதமாகச் சூடாக்கிக் கரையுங்கள். இன்னொரு பீக்கரில் 5.7 கிராம் மெட்டாபைசல்ஃபைட்டை 30 மி.லி. நீரில் கரையுங்கள். இரண்டாவதை முதலாவதில் கலக்கியபடி ஊற்றுங்கள். நீலம் சட்டென்று பசும்புல் நிறத்துக்கு மாறும். வீழ்படிவு இன்னும் வராது. இப்போது 65–75 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். முதலில் பீக்கரின் அடி ஓரத்தில், கண்ணாடிக் கோல் உரசிய இடங்களில், செங்கல்பொடி போலத் துகள்கள் மின்னும். சில நிமிடத்தில் கரைசல் முழுவதும் அந்த நிறமாகிவிடும்.

வினை நடக்க நடக்க அமிலம் உண்டாகும். பி.ஹெச். தாளை வைத்துப் பார்த்துக்கொண்டே 10 சதவீத சோடியம் கார்பனேட்டைத் துளித்துளியாக விட்டு 3.5-க்கும் 4-க்கும் இடையில் நிறுத்துங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் நுரைத்துப் பீக்கரை விட்டு வெளியே வரும். அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்து, ஆறவிட்டு, வடிகட்டுங்கள். சிட்டிகை மெட்டாபைசல்ஃபைட் போட்ட நீரில் இரண்டு தடவை, வெறும் நீரில் ஒரு தடவை, அசிட்டோனில் இரண்டு தடவை கழுவி, டெசிகேட்டரில் ஒரு இரவு. ஓவனில் வைத்து உலர்த்த வேண்டாம்.

கணக்குப்படி அதிகபட்சம் 5.16 கிராம். 4 கிராமுக்கு மேல் வந்தால் நல்ல விளைச்சல்.

என்னென்ன கெடும்:

- பி.ஹெச். 2-க்குக் கீழே போனால் விளைச்சல் சரியும். உருவான உப்பே அமிலத்தில் உடைய ஆரம்பிக்கும்.
- கார்பனேட் அதிகமானால் பச்சைக் கார உப்புகள் கலக்கும். வடிதாளில் செங்கல் நிறத்துக்கு நடுவே பாசி படர்ந்தது போலத் தெரியும். இதைக் கழுவிப் போக்க முடியாது, மறுபடி செய்யுங்கள்.
- கொதிக்கவிட்டால் நிறம் கருஞ்சிவப்புக்கோ பழுப்புக்கோ போகும். ஆக்சைடோ உலோகமோ சேர்ந்துவிட்டது என்று பொருள்.

4. அமிலத்தில் உடைத்து எண்ணுங்கள்

கருவி எதுவும் இல்லாமல், தராசை மட்டும் வைத்து, மூன்றில் இரண்டு பங்கு தாமிரம்(1) என்று காட்டும் சோதனை இது. நீர்த்த அமிலத்தில் தாமிரம்(1) நிலைத்திருக்காது. இரண்டு அயனி சேர்ந்து ஒன்று உலோகமாகவும் ஒன்று தாமிரம்(2) ஆகவும் பிரியும். ஆகவே செவ்ரூல் உப்பின் மூன்று தாமிரத்தில் ஒன்று உலோகமாக அடியில் விழும், இரண்டு நீலக் கரைசலாகப் போகும்.

1 மோலார் கந்தக அமிலம் 25 மி.லி. எடுத்து, கொதிக்கவைத்துக் காற்றை விரட்டி, நைட்ரஜன் குமிழிவிட்டபடி ஆறவையுங்கள். எடை போட்ட 1.000 கிராம் உப்பை அதில் போட்டு மெதுவாகச் சூடாக்குங்கள். சல்ஃபர் டையாக்சைடு கிளம்பும், ஹூடை விட்டு வெளியே எடுக்காதீர்கள். செங்கல் நிறம் மறைந்து, மேலே தெளிந்த நீலம், அடியில் கடற்பஞ்சு போல உப்பிய சிவந்த உலோகத்தூள் நிற்கும். எடை போட்ட சின்டர்டு குரூசிபிளில் (அடியில் நுண்துளைக் கண்ணாடி வடிகட்டி உள்ள கிண்ணம்) வடித்து, நீர், அசிட்டோன் என்று வேகமாகக் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி எடை போடுங்கள்.

வர வேண்டியது 0.164 கிராம். குறைந்தால் காற்று புகுந்து உலோகத்தைக் கரைத்திருக்கிறது. கூடினால் ஈரம் இருக்கிறது அல்லது உலோகத்தின் மேல் ஆக்சைடு ஏறிவிட்டது. வடிகட்டி விட்டு டீ குடிக்கப் போனால் இரண்டாவது நடக்கும்.

மொத்தத் தாமிரத்தைத் தனியாகப் பாருங்கள். 0.200 கிராம் உப்பை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கொதிக்கவைத்துச் சல்ஃபர் டையாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஓட்டி, யூரியா சேர்த்து, அமோனியாவால் நடுநிலைக்குக் கொண்டுவந்து அசிட்டிக் அமிலம் விட்டு, வழக்கமான அயோடைடு தரம்பார்த்தல். 0.1 நார்மல் தயோசல்ஃபேட் 15.5 மி.லி. ஆக வேண்டும். இங்கே அடிக்கடி விழும் குழி: கொதிக்கவைக்காமல் நேராக அயோடைடு போடுவது. உப்பிலிருக்கும் சல்ஃபைட் வெளியாகும் அயோடினைத் தானே தின்றுவிடும். தாமிரம் உண்மையைவிட மிகக் குறைவாக இருப்பது போலக் காட்டும். பியூரெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

0.164, 15.5: இந்த இரண்டு எண்களும் ஒரே மாதிரியில் பொருந்தி வந்தால் விகிதத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பதில் ஆயிற்று. ஆனால் கவனியுங்கள், தாமிரம்(1) சல்ஃபைட்டையும் தாமிரம்(2) சல்ஃபைட்டையும் அதே விகிதத்தில் வெறுமனே கலந்து வைத்தாலும் இதே எண்கள்தான் வரும். ஒரே படிகம் என்பதற்குப் பொடி எக்ஸ்-கதிர் வேண்டும், இ.பி.ஆர். அனுப்பும்போதே அதற்கும் 200 மி.கி. தனிக் குப்பியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

5. மாதிரியை அனுப்புவது

திண்மம் என்றால் நிம்மதி. திருகுமூடிக் கண்ணாடிக் குப்பி, மூடியைச் சுற்றி பாராஃபில்ம், வெளியே சிலிக்கா ஜெல் போட்ட இரண்டாவது டப்பா. லேபிளில் பென்சிலால் எழுதுங்கள். அசிட்டோன் பட்டால் பேனா எழுத்து ஓடிவிடும். பாலக்காடு ஜங்ஷனில் இரவு வண்டி ஏறினால் காலையில் சென்னை. நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் ஒரு குப்பியைக் கல்லூரியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கரைசலை அனுப்ப நினைக்காதீர்கள். தீப்பற்றும் கரைப்பான் ரயிலில் ஏற்றக்கூடாது, கூரியரும் எடுக்க மாட்டார்கள். கரைசல் இ.பி.ஆர். வேண்டுமானால் திண்மத்தைக் கொண்டுபோய் அங்கேயே கரைக்க முன்கூட்டி அனுமதி கேளுங்கள். 1 மில்லிமோலார், 0.3 மி.லி. போதும். கரைப்பானில் ஒரு விஷயம்: வினைக்கு நல்லது என்பதற்காக அசிட்டோநைட்ரைலை எடுத்தால் 77 கெல்வினில் அது கண்ணாடிபோல் உறையாமல் படிகமாகிவிடும், தாமிரம் ஒதுங்கிக் குவிந்து ஒரே அகலமான மேடு வரும். டைகுளோரோமீத்தேன்–டொலுவீன் கலவையோ டி.எம்.எஃப்.போ (டைமெத்தில் ஃபார்மமைடு) எடுங்கள்.

6. கோடுகளை எண்ணுவது

தாமிரத்தின் இரண்டு ஐசோடோப்பின் அணுக்கருச் சுழற்சியும் 3/2. எலக்ட்ரான் ஒரே தாமிரத்தில் இருந்தால் 4 கோடு. இரண்டுக்கும் சமமாகப் பொதுவானால் 7 கோடு, உயர விகிதம் 1:2:3:4:3:2:1. மூன்று தாமிரத்துக்குப் பொதுவானால் 10.

செவ்ரூல் உப்புப் பொடியில் இதெல்லாம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெருக்கமாக அடுக்கிய தாமிரம்(2) மையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் நுண்பிளவு (அணுக்கருவால் கோடு பலவாகப் பிரிவது) மறைந்து அகன்ற ஒரே கோடு வரும். அது பிழையில்லை. கோடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் கரையக்கூடிய மூலக்கூறு வேண்டும்.

பாடநூல் எடுத்துக்காட்டு ஃபீனாலேட் பாலம் போட்ட இரட்டைத் தாமிர மேக்ரோசைக்கிள்கள் (பெரிய வளைய ஈனிச் சேர்மங்கள்). அவற்றின் கலப்பு வடிவம் அறை வெப்பநிலைக் கரைசலில் 7 கோடு காட்டும். உறையவைத்தால் 4 ஆகிவிடும். சூட்டில் எலக்ட்ரான் இரண்டுக்கும் இடையே கருவியால் பிடிக்க முடியாத வேகத்தில் தாவுகிறது, குளிரில் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. முதல் படியில் இரண்டு வெப்பநிலை கேட்கச் சொன்னது இதற்குத்தான். 77-ல் மட்டும் எடுத்துவிட்டு 'முதல் வகுப்பு' என்று எழுதியவர்கள் உண்டு.

நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேசிலுள்ள இரட்டைத் தாமிர மையம் மூன்றாம் வகுப்பு. இரண்டு தாமிரமும் ஆளுக்கு ஒன்றரை என்ற கணக்கில் பங்கு போட்டுக்கொள்கின்றன; எவ்வளவு குளிரவைத்தாலும் எலக்ட்ரான் ஒரு பக்கம் ஒதுங்குவதில்லை.

ஏமாற்றும் சிக்னல்கள் இரண்டு. ஏறக்குறைய 1500–1600 காஸில் சின்னதாக ஒரு கோடு தெரிந்தால் இரண்டும் தாமிரம்(2) ஆன இணை உள்ளே இருக்கிறது. உங்கள் 'கலப்பு' மாதிரி காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது. டெம்போ (ஆக்சிஜனேற்றத்துக்குத் துணையாகப் போடும் நைட்ராக்சைடு) போட்ட வினைக்கலவையை அப்படியே அனுப்பினால் கூர்மையான மூன்று கோடு வரும். அது நைட்ராக்சைடினுடையது, தாமிரத்தினுடையது அல்ல.

கலப்பு வடிவத்தைச் செய்யும் முன் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) பாருங்கள். இரண்டு ஒடுக்க அலைகளுக்கு இடைவெளி 100 மில்லிவோல்ட் என்றால், மூலக்கூறுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் கொடுத்த கரைசலில் 78 சதவீதம்தான் கலப்பு வடிவம். மீதி, இரண்டும் தாமிரம்(1) ஆனதாகவும் இரண்டும் தாமிரம்(2) ஆனதாகவும் பிரிந்து கிடக்கும். 390 மில்லிவோல்ட் என்றால் 99.9 சதவீதம். இடைவெளி சிறியதென்றால் அந்த ஈனியை விட்டுவிடுங்கள், எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் கலவைதான் கிடைக்கும். அளக்கும் முன் நைட்ரஜன் 15 நிமிடம் விடுங்கள், ஆக்சிஜனுக்கும் ஒரு அலை உண்டு.

எச்சரிக்கை: கரிம ஈனியுள்ள தாமிரப் பெர்குளோரேட் உப்புகள் வெடிக்கக்கூடியவை. உலோக ஸ்பேட்டுலாவால் சுரண்டுவது, சூடாக்கி உலர்த்துவது இரண்டும் கூடாது. நைட்ரேட்டோ ட்ரிஃப்ளேட்டோ வைத்து வேலை ஆகுமென்றால் பெர்குளோரேட் பக்கமே போகாதீர்கள்.

அருகு அகச்சிவப்பு நிறமாலையில் 700 நானோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு பட்டை வந்ததும் 'இடைத்தாவல் பட்டை' (ஒளியை வாங்கி எலக்ட்ரான் ஒரு தாமிரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் வருவது) என்று குறித்துவிட வேண்டாம். தாமிரம்(2)-இன் சாதாரணப் பட்டையே 600 முதல் 900 வரை பரவி நிற்கும். தாவல் பட்டை என்றால் அகலத்துக்குக் கணக்கு உண்டு: உச்சத்தை அலையெண்ணில் எழுதி 2310-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். உச்சம் 1000 நானோமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 10,000 என்றால் அரை உயர அகலம் ஏறக்குறைய 4800 வர வேண்டும். அதைவிட மிகக் குறுகலாக இருந்தால் மூன்றாம் வகுப்பாக இருக்கலாம், அல்லது அது தாவல் பட்டையே இல்லை. செறிவைப் பாதியாக்கியும் பாருங்கள். உயரம் பாதியானால் ஒரே மூலக்கூறுக்குள் நடப்பது. கால்பங்கானால் இரண்டு மூலக்கூறு மோதி நடப்பது.

7. ஆக்சிஜனேற்றத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பது

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நீராக நான்கு எலக்ட்ரான் வேண்டும். ஒரு தாமிரத்தால் ஒன்றுதான் தர முடியும். அரைகுறையாகக் கொடுத்தால் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வழியில் நின்றுவிடும். பல தாமிரம் கொத்தாக இருப்பதன் பயன் இங்கேதான். லாக்கேஸ் நொதியில் நான்கு தாமிரம்: ஒன்று தள்ளி நின்று எலக்ட்ரானை வாங்கும், மூன்று கொத்தாக நின்று ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். வாழைப்பூவும் கத்தரிக்காயும் நறுக்கியதும் கறுப்பது இரட்டைத் தாமிர நொதியின் வேலை. மோரில் போடுவது அந்த நொதியை அமிலத்தால் அடக்கத்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடியது கேட்டகால் சோதனை. செவ்ரூல் உப்பு கரையாது, எனவே இதற்கு உங்கள் கரையும் இரட்டைத் தாமிரச் சேர்மத்தை எடுங்கள். 55.6 மி.கி. டைடெர்ட்பியூட்டைல் கேட்டகாலை 25 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.01 மோலார். அதில் சேர்மம் 0.0001 மோலார் வரும்படி கலந்து, காற்றுப் படும்படி வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை 400 நானோமீட்டரில் உறிஞ்சலை அளங்கள். உண்டாகும் குயினோனின் மோலார் உறிஞ்சல் குணகம் 1900.

கணக்கு: 5 நிமிடத்தில் உறிஞ்சல் 0.19 ஏறினால் குயினோன் 0.0001 மோலார், ஒவ்வொரு சேர்ம மூலக்கூறும் ஒரு சுற்று முடித்திருக்கிறது. மணிக்கு 12 சுற்று. உறிஞ்சல் 1.9 என்பது வெறும் 10 சதவீத மாற்றம்தான். அதற்கு மேல் கருவியின் எண்ணை நம்பாதீர்கள். தொடக்கச் சரிவை மட்டும் எடுங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனை மூன்று: தாமிரமே இல்லாமல், காப்பர் அசிட்டேட் மட்டும் போட்டு, நைட்ரஜனுக்குள். காப்பர் அசிட்டேட்டே உங்கள் சேர்மத்தைவிட வேகமாக ஓடினால் ஈனி கழன்றுபோன தாமிரம்தான் வேலை செய்வதாக இருக்கலாம். இந்த முடிவு வந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆக்சிஜன் நீராயிற்றா பெராக்சைடாயிற்றா என்று பார்க்க, கலவையைக் கந்தக அமிலத்தால் பி.ஹெச். 2-க்குக் கொண்டுவந்து, டைகுளோரோமீத்தேனால் குயினோனை வெளியேற்றி, நீர்ப்படலத்தில் பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்து 353 நானோமீட்டரில் அளப்பார்கள். ட்ரைஅயோடைடின் குணகம் 26,000, உறிஞ்சல் 0.26 என்றால் பெராக்சைடு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மோலார். இந்தச் சோதனையில்தான் பெரிய பொறி. தாமிரம்(2) தானே அயோடைடை அயோடினாக்கும். பெராக்சைடு துளியும் இல்லாவிட்டாலும், கலவையிலுள்ள 0.0001 மோலார் தாமிரமே 0.00005 மோலார் அயோடின் தரும்; உறிஞ்சல் 1.3 வரை ஏறும். அதே அளவு தாமிரம் போட்ட, கேட்டகால் இல்லாத வெற்றுக் கரைசலை எல்லாப் படியிலும் கூடவே ஓட்டி, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பெராக்சைடு என்று எழுதுங்கள்.

டெம்போவும் தாமிரமும் சேர்ந்து பென்சைல் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும் வினையைச் சிலர் இந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள். நல்ல வினை, செம்பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறி முடிவைத் தானே சொல்லும். ஆனால் அங்கே தாமிரம் ஒன்றும் இரண்டுமாக முறைவைத்து மாறுகிறது. ஒரே நேரத்தில் ஒரே கொத்தில் இரண்டும் இல்லை. அதைக் 'கலப்பு இணைதிறன் வினையூக்கி' என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

8. கடைசி வாரம்

தாமிரக் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நீர்க் கழிவு ஒரு கேன், டைகுளோரோமீத்தேன் தனிக் கேன். இரண்டிலும் தேதியோடு லேபிள். பில், இ.பி.ஆர். ரசீது, ஸ்டோர் பதிவேட்டுப் பக்க எண் மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து அக்கவுண்ட்ஸுக்கு ஒரே நாளில் கொடுங்கள். மூலப் பில்லை ஒப்படைக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச செவ்ரூல் உப்பைக் குப்பியில் அடைத்து, செய்த தேதியும் 0.164-க்கு எதிரே உங்களுக்கு வந்த எடையும் லேபிளில் எழுதி, அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்காக டெசிகேட்டரில் வையுங்கள்.